கல்லைத் தொடுமுன் ஒரு படி எடுத்து வையுங்கள்: திருநெல்வேலிச் சீமையின் திருப்பணிக் குழுவினருக்குத் திறந்த மடல்

திருநெல்வேலிச் சீமையின் ஊர்க்கோயில்களில் திருப்பணி நடத்திக்கொண்டிருக்கும், இனி நடத்தவிருக்கும் குழுக்களின் பெரியோர்களுக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடந்தாக வேண்டும் என்பதற்காகச் சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர்களிடம் நன்கொடைச் சீட்டோடு ஏறி இறங்கி, சொந்த வேலையைப் போட்டுவிட்டு ஸ்தபதி வீட்டுக்கும் அலுவலகங்களுக்கும் நடையாய் நடக்கிறவர்கள் நீங்கள். ஆலமரம் வேர்விட்டுப் பிளந்த விமானங்களும் வௌவால் அடைந்த மண்டபங்களும் இன்று விளக்கேற்றும் நிலையில் இருப்பது உங்களைப் போன்றவர்களின் உழைப்பால்தான் என்பதை நான் அறிவேன். நான் தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியன். பள்ளி விடுமுறைகளில் தொடங்கிய பழக்கமாக, கோயில் கோயிலாகச் சென்று கல்வெட்டுகளைப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். உங்கள் திருப்பணியில் ஒரு வேலையை முதல் வேலையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். சுவரிலும் அடித்தளத்திலும் தூணிலும் எழுத்தோ ஓவியமோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கு ஒரு படி, அதாவது நகல், எடுத்து வைத்த பிறகே அந்த இடத்தில் கைவையுங்கள் என்பதுதான் அந்த வேண்டுகோள்.

இதை நான் கேட்பதற்குக் காரணமான இழப்பு எங்கள் குடும்பத்துக்குக் குலதெய்வ வழிபாட்டுக்கு அடுத்தபடியாக உறவுள்ள ஒரு சிவன் கோயிலில் நேர்ந்தது. ஊரின் பெயரை இங்கே எழுத நான் விரும்பவில்லை. அங்கே திருப்பணி செய்தவர்கள் நல்லவர்கள், என்னை மதிப்பவர்கள், நடந்தது அறியாமல் நடந்தது. கருவறையின் தெற்குப் பக்கத்தில், அடித்தளத்தின் உருண்ட குமுதக் கல்லில் மூன்று வரிக் கல்வெட்டு ஒன்று இருந்தது. முதல் இரண்டு வரிகளை ஓர் ஆவணி மாதத்தில் படித்து என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கோயிலுக்கு நொந்தாவிளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, ஒன்று எரிக்க ஆடுகள் கொடுக்கப்பட்ட செய்தி அது. அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் நெய் அளக்க ஒப்புக்கொண்ட இடையரின் பெயர் மூன்றாம் வரியில் வர வேண்டும். அந்த வரி தேய்ந்திருந்ததால் மார்கழிக்கு விட்டேன். தெற்குச் சுவரில் மார்கழி, தை மாதங்களின் காலை வெயில் சாய்வாக விழும். அந்த வெளிச்சத்தில் எழுத்தின் பள்ளம் நிழல் பிடித்துத் தெளிவாகத் தெரியும். வடக்குச் சுவருக்கு ஆனி மாதத்து வெயிலே உகந்தது. கல்வெட்டுப் படிப்பவர்கள் இப்படி மாதம் பார்த்துத்தான் போவார்கள்.

மார்கழியில் நான் போனபோது கோயில் புதிதாய் மின்னியது. கம்ப்ரசர் வைத்து மணலைப் பீய்ச்சி, கல்லின் கறுப்பையெல்லாம் எடுத்திருந்தார்கள். குமுதக் கல்லின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன்; உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தது, ஓர் எழுத்துகூடக் கைக்குத் தட்டுப்படவில்லை. ஒப்பந்தம் எடுத்தவரிடம் கேட்டபோது, அழுக்கு என்றுதான் நினைத்தோம் ஐயா என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டு நின்ற ஒரு மனிதரின் பெயர் ஓர் அரைமணி நேரத்தில் போயிற்று. அந்தப் பெயர் வேறெங்கும் எழுதப்பட்டிருக்க வழியில்லை என்பதே என் தாங்கமுடியாத வருத்தம்.

அரசர்களின் பெயர்கள் பல கல்லில் இருக்கின்றன; ஒன்று அழிந்தால் இன்னொன்றில் கிடைக்கும். நூற்றாண்டுகளுக்கு முன்பு இந்தச் சீமையில் ஆடு மேய்த்தவரும் எண்ணெய் ஆட்டியவரும் கல் தச்சரும் சோறு சமைத்தவரும் எழுத்தில் இடம்பெற்ற ஒரே கணக்கேடு உங்கள் ஊர்க் கோயிற்சுவர்தான். பனையோலையில் எழுதப்பட்டவற்றைக் கரையானும் ஆடிப்பெருக்கு வெள்ளமும் கொண்டுபோய்விட்டன. ஓலை மக்கும் என்பது தெரிந்துதான் அக்காலத்தவர் முக்கியமானவற்றைக் கல்லில் வெட்டினார்கள்.

அந்தக் கணக்கேட்டில் என்னவெல்லாம் இருக்கும் என்பதற்கு அம்பாசமுத்திரத்தில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டைச் சொல்கிறேன். வரகுண மகாராசர் என்னும் பாண்டியர் பெண்ணையாற்றின் தென்கரையில் உள்ள அரைசூரில் இருந்தபோது, தாமிரபரணிக் கரையிலிருந்த இளங்கோக்குடிக் கோயிலின் வழிபாட்டுக்காக 290 காசு கொடுத்தார். இன்றைய அம்பாசமுத்திரத்தின் அக்காலப் பெயர்தான் இளங்கோக்குடி. அந்தக் காசை ஊர்ச்சபையார் பெற்றுக்கொண்டார்கள். முதலைச் செலவழிக்கக் கூடாது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வீதம் 580 கலம் நெல்லைப் பொலிசையாக அளந்துவர வேண்டும். பொலிசை என்றால் வட்டி. பொலி என்ற சொல்லை இன்றும் நம் களத்துமேட்டில் நெல் தூற்றும்போது சொல்கிறோம். முதல் குறையாமல் அதிலிருந்து பெருகுவது பொலிசை. அந்த 580 கலத்தைக் கொண்டு நாள்தோறும் இறைவனுக்கு என்ன படைக்க வேண்டும் என்று அடுத்த பகுதி விரிகிறது. அதைப் படிக்கும்போது மடைப்பள்ளி வாசலில் நிற்பது போலவே இருக்கும்.

செந்நெல்லைத் தீட்டி எடுத்த அரிசி, பயற்றம்பருப்பில் ஆக்கிய கும்மாயம், பசுவின் நறுநெய், தோய்த்த தயிர், கருவாழைப்பழம், சர்க்கரை, பின்பு காய்க்கறி, புளிங்கறி, பொரிக்கறி என்று கறிகளின் வரிசை, அவற்றுக்குக் காயம், இறுதியில் வெற்றிலையும் பாக்கும் நூறும். காயம் என்ற சொல் அக்காலத்தில் மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்துமல்லி ஆகியவற்றைக் குறித்தது. நூறு என்பது சுண்ணாம்பு. ஒவ்வொன்றுக்கும் நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு, செவிடு என்று அளவு சொல்லப்பட்டிருக்கிறது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. எண்பது செவிடு சேர்ந்தால் இரண்டு நாழி. அவ்வளவு நுட்பமாக அளந்து சமைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் மிளகாய் இல்லை. போர்ச்சுக்கீசியர் வழியாக மிளகாய் இந்தக் கரைக்கு வந்துசேர இன்னும் ஆறேழு நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பெண்கள் பிள்ளை பெற்றவளுக்கு இன்றும் வைத்துக் கொடுக்கும் மிளகுக் குழம்பும் புளிக்கறியும் எந்தச் சமையலின் மிச்சம் என்பதை எனக்கு அந்தக் கல்தான் சொல்லிற்று. அரசரின் போர் வெற்றிகளைச் சொல்லும் நூறு வரிகளுக்கு இந்தச் சமையற்பட்டியலை நான் கொடுக்க மாட்டேன்.

விளக்குக்கு ஆடு கொடுக்கும் முறையும் அவ்வாறே ஆழ்ந்து எண்ணத்தக்கது. பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளில் ஒரு நொந்தாவிளக்குக்குப் பெரும்பாலும் ஐம்பது ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதினார்கள். ஆடு சாகாமல் இருக்குமா, கிழமாகாமல் இருக்குமா? கிழடு கழிந்தால் குட்டி அந்த இடத்தில் நிற்க வேண்டும், எண்ணிக்கை என்றும் ஐம்பதாகவே இருக்க வேண்டும், அதற்குமேல் பெருகுவது மேய்ப்பவருக்கு. அவர் நாள்தோறும் உழக்கு நெய் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். கொடுத்தவர் இறந்துபோவார், பெற்றவரும் இறந்துபோவார், விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று எண்ணிய மனிதர்கள், அதற்கு மந்தையைப் போன்ற தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒரு முதலீட்டைக் கண்டுபிடித்தார்கள். இன்று நாம் வங்கியில் கட்டளை வைப்பு என்று போடுவதன் தாய் இந்த ஆட்டு மந்தை. இதையெல்லாம் பாடநூலில் நான் படிக்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து குமுதத்தையும் அடித்தளத்தின் மேல்வரியான பட்டிகையையும் பார்த்துப் படித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அது தமிழாசிரியனாகிய எனக்கு மிகவும் இனிப்பது. கல் வெட்டியவர்கள் பல இடங்களில் கொடுத்த என்று எழுதாமல் குடுத்த என்றும், வைத்த என்று எழுதாமல் வைச்ச என்றும் வெட்டியிருக்கிறார்கள். வகுப்பில் நான் முப்பது ஆண்டு பிள்ளைகளைத் திருத்திய அதே பேச்சு. நம் ஊர் ஆச்சிமார் வாயில் இன்றும் வரும் சொல்லுக்கு ஆயிரம் ஆண்டுச் சான்று கோயிற்சுவரில் இருக்கிறது. மணல் அடித்தால் அந்தப் பேச்சின் சான்றும் சேர்ந்தே போகும்.

நீங்கள் குழுவாகக் கூடி வரவு செலவு பேசி முடிவெடுக்கிறீர்கள் அல்லவா, அதற்கும் இந்தச் சீமையில் பழைய சான்று உண்டு. மானூர் அம்பலநாதர் கோயிலில் மாறஞ்சடையன் என்னும் பாண்டியரின் 35ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வட்டெழுத்து என்னும் பழைய எழுத்துமுறையில் வெட்டிய கல்வெட்டு, சபையில் யார் பேசலாம், யார் பேசக் கூடாது என்று விதி வகுக்கிறது. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட அது, ஊர்ச்சபைத் தேர்தலுக்கு எல்லோரும் மேற்கோள் காட்டும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு நூறாண்டுக்கு மேல் மூத்தது. முன்வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அன்று, அன்று (இல்லை, இல்லை) என்று சொல்லி முட்டுக்கட்டை போடுகிறவருக்கும் அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம் என்பது அதன் விதிகளில் ஒன்று. அந்தச் சபை நிலப்பங்கும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களின் சபை என்பதை அதே கல் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது; மற்றவர்களுக்கு அதில் இடமில்லை என்பது அதிலிருந்தே விளங்கும். கல்லைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்பதற்கு அந்தக் காலம் முழுவதும் பொற்காலம் என்று நான் நம்புவது காரணமில்லை. யார் உள்ளே இருந்தார்கள், யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதை நம் பேரப்பிள்ளைகள் ஊகத்தால் பேசாமல் சான்றோடு பேச வேண்டும் என்றால் அந்த எழுத்து இருக்க வேண்டும்.

கழுகுமலைப் பாறையில் ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள், சமணத் திருமேனிகளைச் செய்வித்தவர்களின் பெயரைச் சொல்கின்றன. அவர்களில் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களின் மாணாக்கர்கள் இருக்கிறார்கள். பெண் ஆசிரியர் ஒருவரிடம் பாடம் கேட்டவர் தம் பெயருக்கு முன் ஆசிரியரின் பெயரைப் பெருமையோடு வெட்டிய ஊர் நம் பக்கத்து ஊர். பாறை உயரத்தில் இருந்ததால் அது தப்பிற்று.

ஓவியங்களின் நிலை எழுத்தைவிட இரங்கத்தக்கது. கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் திருப்புடைமருதூரில், நறும்பூநாதர் கோயிலின் ஐந்துநிலைக் கோபுரத்துக்குள் ஏறிப் பார்த்தவர்கள் உங்களில் சிலர் இருக்கலாம். நிலைதோறும் சுவர் முழுவதும் ஓவியம், மரத்தூண்களிலும் விட்டங்களிலும் சிற்பம். தெய்வக் கதைகளோடு படை எடுப்பும், படைவீரர்களின் உடையும் தலைப்பாகையும், பெண்களின் சேலைக்கட்டும், குதிரைகளை ஏற்றிவரும் கப்பலும் அவற்றில் வரையப்பட்டிருக்கின்றன. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் நம் முன்னோர் எப்படி உடுத்தினார்கள், எப்படிச் சண்டையிட்டார்கள் என்பதை அவர்கள் காலத்தவர் கண்ணாலேயே பார்க்கும் இடம் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்திறங்கிய காயல் துறைமுகத்தில் ஓர்மசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு கப்பல்கள் வந்தன என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஓர் ஆற்றங்கரை ஊரின் கோபுரத்தில் கப்பலையும் குதிரையையும் தீட்டியவர், துறைமுகத்தில் நின்று பார்த்தவராகவோ, பார்த்தவரிடம் கேட்டவராகவோ இருந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொள்வேன்.

சுண்ணாம்புப் பூச்சின்மேல் காவிக்கல்லும் மஞ்சட்கல்லும் கரியும் கொண்டு தீட்டிய இத்தகைய ஓவியங்கள் வேறு பல ஊர்களின் மண்டபக் கூரையிலும் இருந்தன. குடமுழுக்குக்குக் குடமுழுக்கு வெள்ளையடித்து அவற்றை மூடிவிட்டோம். உங்கள் ஊர்க் கோயிலில் பழைய வெள்ளை உரிந்த இடத்தில் சிவப்போ மஞ்சளோ எட்டிப் பார்த்தால் சுரண்டாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டு அறிந்தவர்களைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் எனாமல் பெயின்ட் பூசிவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி, பூச்சு ஓவியத்தோடு சேர்ந்தே பொருக்குப் பொருக்காக உதிரும்.

மணல் வீச்சைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் அதை விரும்புவது வேலை விரைவில் முடிகிறது என்பதால்தான். கல்வெட்டின் எழுத்து ஒரு நெல்மணியின் பருமன் அளவுகூட ஆழமில்லாதது. கல்லின் மேற்பரப்பு காற்றும் மழையும் பட்டுப் பல நூற்றாண்டுகளில் இறுகியிருக்கும். அந்தத் தோலை மணல் உரித்துவிடுகிறது. உரிந்த கல் சொரசொரப்பாகி, தூசியையும் எண்ணெயையும் முன்னைவிட வேகமாகப் பிடிக்கிறது. எங்கள் ஊர்க் கோயிலின் கல் நான்கே ஆண்டில் பழையபடி கறுத்துவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதே, அதை எப்படித்தான் எடுப்பது என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. தண்ணீரும் தென்னைநார்த் தூரிகையும் பொறுமையும் பெரும்பாலான அழுக்கை எடுத்துவிடும். எடுபடாத பிசுக்குக்குக் காகிதக்கூழைப் பற்றுப் போட்டு உறிஞ்சி எடுக்கும் முறை உண்டு; தொல்லியல் துறையில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கோயிலுக்கு உழவாரப்பணி செய்ய வரும் இளைஞர்களிடம் கம்பித் தூரிகையைக் கொடுக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தரைக்கு டைல்ஸ் போடுவதும் கிரானைட் பதிப்பதும் இன்னொரு வகை இழப்பு. பழைய தரைக்கு மேலேயே புதுத் தரையைப் போடப் போட, அடித்தளத்தின் கீழ்வரிசைக் கற்கள் மண்ணுக்குள் போகின்றன. கல்வெட்டின் முதல் பாதி வெளியிலும் மறு பாதி சிமெண்டுக்குள்ளும் இருக்கும் கோயில்களை நான் பார்த்திருக்கிறேன். செங்கல் விமானத்துக்குச் சிமெண்டுப் பூச்சு ஆகாது. நம் முன்னோர் சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு அரைத்த சாந்து, ஈரத்தை உள்வாங்கி வெளிவிடக்கூடியது. அந்தச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுத்தால் அந்தத் தொழிலும் பிழைக்கும். கொடுக்காவிட்டால் அடுத்த குடமுழுக்குக்கு அழைக்க ஆள் இருக்காது.

இவற்றுக்கெல்லாம் எங்கே போவது, பணத்துக்கு என்ன செய்வது என்று நினைப்பீர்கள். படி எடுப்பதற்குப் பெரிய செலவு கிடையாது. கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, காய்ந்து வரும்போது மை ஒற்றினால், கறுப்பில் வெள்ளை எழுத்தாகக் கல்வெட்டு முழுவதும் தாளில் வந்துவிடும். ஒரு சுவருக்கு ஒரு நாள் போதும். அதுவும் முடியாவிட்டால், இரவில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, எழுத்து நிழல் விழும்படி உங்கள் செல்போனிலேயே ஒவ்வொரு கல்லாகப் படம் எடுத்து வையுங்கள். நேராக வெளிச்சம் போட்டு எடுத்த படத்தில் எழுத்து தெரியாது. சாய்வு வெளிச்சம்தான் அதைக் காட்டும். திருப்பணி முடியும்வரை சாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைக்கும் பாலாலயத்துக்கு நாள் குறிக்கும்போதே இதற்கும் ஒரு நாளைக் குறித்துவிட்டால் எந்த வேலையும் தாமதமாகாது.

கல்லைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டிய நிலை வந்தால், பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கல்லுக்கும் எண் இடுங்கள். எண்ணைக் கல்லின் முகத்தில் உளியால் வெட்டாமல், கழுவினால் போகும் சுண்ணாம்பால் எழுதுங்கள். எண் இடாமல் அடுக்கியதால் ஒரு வரி கிழக்கிலும் அதன் தொடர்ச்சி மேற்கில் தலைகீழாகவும் நிற்கும் சுவர்கள் நம் சீமையில் உண்டு. ஆற்றுப் படித்துறையிலும் துவைகல்லிலும் குளத்து மடையிலும் எழுத்துள்ள கற்கள் கிடக்கும். முன்பு எப்போதோ இடிந்த மண்டபத்தின் கற்களாக அவை இருக்கலாம். குளத்து மடையில் உள்ளதை எடுக்க வேண்டாம், அது அங்கேயே இருக்க வேண்டியது. மடை கட்டியவரின் பெயரும் எந்த வயலுக்கு எந்த முறையில் நீர் என்பதும் அதில் இருக்கக்கூடும். படித்துறையில் கிடப்பதைக் கோயிலுக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். பழைய வாகனங்களின் மரப்பலகை, மணி, வெண்கலப் பாத்திரத்தின் விளிம்பு ஆகியவற்றிலும் பெயர்கள் இருக்கும். பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதிது வாங்குவதற்கு முன் விளிம்பை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

இவையெல்லாம் எப்போதோ அரசுக்காரர்கள் படி எடுத்துப் புத்தகமாகப் போட்டுவிட்டார்களே என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் ஒரு பெரியவர் சொன்னார். பெரிய கோயில்களுக்கு அது ஓரளவு உண்மை. படி எடுத்தும் அச்சேறாமல் இருப்பவை ஏராளம். சிற்றூர்க் கோயில்கள் பலவற்றுக்கு யாரும் வந்ததே இல்லை. அச்சில் வந்தவற்றிலும் ஐயமான ஓர் எழுத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் கல்லிடம்தான் மீண்டும் போக வேண்டும்.

கோயில் வழிபாட்டுக்கு உரிய இடம், பொருட்காட்சிச் சாலையாக அதை நிறுத்திவைக்க முடியாது என்று இன்னும் சிலர் கூறுவர். நானும் வழிபடப் போகிறவன்தான். கோயில் காலந்தோறும் வளர்வது, ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்கைச் சேர்ப்பது என்பதை ஏற்கிறேன். நெல்லையப்பர் சந்நிதியையும் காந்திமதியம்மை சந்நிதியையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது. அதற்கு முன் அந்த இரண்டும் தனித்தனியே நின்றன. பழையவர்கள் புதுப்பிக்கத் தயங்கவே இல்லை. ஆனால் எப்படிப் புதுப்பித்தார்கள் என்பதைக் கேளுங்கள். பத்தாம் நூற்றாண்டில் சோழ நாட்டுத் திருக்கோடிகாவில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் பழைய கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, எடுப்பித்தபோது, அங்கே கிடந்த பழைய கற்களில் இருந்த எழுத்துகளையெல்லாம் படித்து, புதிய சுவரில் மறுபடியும் வெட்டச் செய்தார். அப்படி வெட்டியவற்றின் தலைப்பில் இதுவும் ஒரு பழங்கற்படி என்று குறிப்பும் எழுதச் சொன்னார். முன்னவர் கொடுத்த ஆடும் பொன்னும் நிலமும் தம் திருப்பணியால் மறக்கப்பட்டுவிடக் கூடாது என்று அந்த அம்மையார் கவலைப்பட்டிருக்கிறார். தாளும் கேமராவும் இல்லாத காலத்தில் உளியால் படி எடுத்தார்கள். திருப்பணி என்பதற்கு நமக்கு அவரைவிட நல்ல முன்மாதிரி வேண்டியதில்லை.

நீங்கள் பெறும் நன்கொடைகளுக்குச் சலவைக்கல்லில் பெயர் பொறித்துப் பதிக்கிறீர்கள். குழல்விளக்கில்கூட உபயம் இன்னார் என்று எழுதுகிறீர்கள். அதில் எந்தத் தவறும் இல்லை. தம் பெயர் இறைவன் முன்னிலையில் நிற்க வேண்டும் என்ற அதே ஆசையால்தான் இடையரும் தச்சரும் அந்தக் காலத்தில் பெயரை வெட்டச் சொன்னார்கள். இந்த ஆண்டு உபயம் செய்தவரின் பெயர் இருநூறு ஆண்டு நிற்க வேண்டும் என்று விரும்பும் நீங்கள், ஆயிரம் ஆண்டுக்கு முன் உபயம் செய்தவரின் விருப்பத்தை அறியாதவர்கள் இல்லை.

தென்காசிக் கோயிலை 1446ஆம் ஆண்டில் தொடங்கிக் கட்டிய பராக்கிரம பாண்டியர் அங்கே கல்லில் வெட்டிவைத்த பாடல்களில் ஒன்றை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். யாராக இருந்தாலும் சரி, இந்தக் கோயிலுக்கு ஒரு குறை நேர்ந்தபோது வந்து அதை நீக்கிக் காப்பவர்களை உலகறியப் பணிந்தேன் என்று அரசர் சொல்கிறார். பின்னொரு நாளில் அந்தக் கோயிலுக்குக் குறை வந்தது. கோபுரம் தீப்பட்டுப் பிளந்து பல தலைமுறை மொட்டையாக நின்றது. ஒன்பது நிலைகளோடு அது மீண்டும் எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. அந்த வேலைக்கு உழைத்தவர்களை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரசர் வணங்கி முடித்திருந்தார். சிற்றூர்க் கோயில்களிலும் இதே பணிவு உண்டு. இந்த அறத்தைக் காத்தவரின் பாதம் என் தலைமேலது என்ற தொடரோடு முடியும் கல்வெட்டுகளைச் சீமை முழுவதும் பார்க்கலாம். அந்தத் தொடர் உங்களை நோக்கி எழுதப்பட்டது. உங்கள் பாதத்தைத் தம் தலைமேல் தாங்குவதாகச் சொன்னவரின் எழுத்து, உங்கள் பொறுப்பில் இருக்கும் சுவரில் இருக்கிறது.

ஆதிச்சநல்லூரையும் சிவகளையையும் கொற்கையையும் பற்றி இன்று நம் பிள்ளைகள் பெருமையோடு பேசுவதைக் கேட்க எனக்கு மகிழ்ச்சி. அங்கே மண்ணைத் தோண்டினால்தான் கிடைக்கிறது. உங்கள் ஊரில் தோண்டவே வேண்டாம், நின்று பார்த்தாலே போதும்.

பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதினாலும் ஆள் அனுப்புவார்கள். அவர்கள் வர நாளானால், கல்வெட்டு வாசிக்கப் பழகிய ஆசிரியர்களும் மாணவர்களும் நம் மாவட்டத்திலும் தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் ஆங்காங்கே இருக்கிறார்கள். அருகிலுள்ள கல்லூரியின் தமிழ்த் துறையிலோ வரலாற்றுத் துறையிலோ கேட்டால் சொல்வார்கள். யாரும் கிடைக்காத ஊருக்கு நானே வருகிறேன். தாளும் தூரிகையும் மையும் என்னிடம் உண்டு. பேருந்துச் செலவு என்னுடையது. மதியச் சாப்பாடு உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது கிடைத்தால் போதும். இரண்டு பையன்களைத் துணைக்கு விட்டால் அவர்களுக்கும் படி எடுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவேன். எடுத்த படியில் ஒன்றைக் கோயிலிலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி, அதன் கீழே செய்தியை எளிய தமிழில் எழுதிவைத்தால், சாமி கும்பிட வருகிறவர்கள் படித்துவிட்டுப் போவார்கள்.

இந்தத் தை மாதம் குடமுழுக்கு வைத்திருக்கும் ஊர்களில் வேலை இப்போதே தொடங்கியிருக்கும். தெற்குச் சுவரை மட்டுமாவது கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி வெயில் விழத் தொடங்கியதும் நான் வந்துவிடுகிறேன்.

பணிவன்புடன்,
தாமிரபரணிக் கரையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியன்